கூட்டத்தை நடத்த வெளியாள் எதற்கு?

திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். மகளிர் குழுக்கள், சிறு விவசாயிகள், சில கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள், இதுதான் எங்கள் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை பணியாளர்கள் எல்லோரையும் வெளியூருக்குக் கூட்டிப்போய், இரண்டு மூன்று நாள் தங்கி, நடந்ததைப் பேசி, நடக்க வேண்டியதைத் திட்டமிடுவோம். இடம் பிடிப்பது, வேன் பேசுவது, சாப்பாடு சொல்வது, கூட்டத்தை நடத்த ஆள் தேடுவது எல்லாம் என் தலையில்தான். அப்படிக் கூட்டம் நடத்தித் தருபவரை ஃபெசிலிடேட்டர் என்றுதான் எங்கள் வட்டாரத்தில் சொல்வோம். இங்கே நெறியாளர் என்று வைத்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளில் பல தினுசு ஆட்களைப் பார்த்தாகிவிட்டது. "வெளியாளைக் காசு கொடுத்துக் கூப்பிடணுமா, நாமளே பேசிக்கக் கூடாதா?" என்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார். அவருக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கூட்டத்தில் தலைவர் பேசி முடித்துவிட்டு, "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் என்ன ஆகிறது? எங்கள் அலுவலகத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். கூட்டம் கலைந்து, எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போன பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். எந்தத் திட்டம் ஓடாது, ஏன் ஓடாது, யார் எந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அங்கே அக்குவேறு ஆணிவேறாக அலசப்படும்.

எங்கள் இயக்குநரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர், காது கொடுத்துக் கேட்கவும் செய்வார். ஆனால் களப்பணியாளர்களில் பாதிப் பேர் அவர் சைக்கிளில் சுற்றிய காலத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள். சிலருக்குப் படிக்க உதவினார். சிலர் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தார். அப்படிப்பட்டவரை எதிரே வைத்துக்கொண்டு "சார், இது வேலைக்கு ஆகாது" என்று எப்படிச் சொல்வார்கள்? அவர் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. கல்யாண வீட்டில் சமைப்பவரே பந்தியும் பரிமாற முடியாது. பேச வேண்டிய விஷயத்தில் சொந்தக் கருத்து உள்ளவரே, யார் இன்னும் பேசவில்லை, நேரம் எவ்வளவு ஆகிறது, பேச்சு எங்கே திசைமாறுகிறது என்றும் கவனிக்க முடியாது. கவனிப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் மாதக்கணக்கில் உழைத்து ஒரு மாநாட்டை நடத்தினாராம். வந்தவர்கள் எல்லோரும், இருந்ததிலேயே உருப்படியானது காபி இடைவேளைதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் முழுக்க இடைவேளை மாதிரியே ஒரு கூட்டத்தை நடத்திப் பார்க்கலாமே என்று 1985-இல் அவர் ஆரம்பித்ததுதான் ஓபன் ஸ்பேஸ் என்ற முறை. நிகழ்ச்சி நிரலை வந்தவர்களே போடுவார்கள். ஒரு குழுவில் நமக்கு வேலை இல்லை என்று தோன்றினால் எழுந்து அடுத்த குழுவுக்குப் போய்விடலாம். எங்கள் டீக்கடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, டீக்கடையில் பேசியதை யாரும் எழுதிவைப்பதில்லை என்பதைத் தவிர.

ஆக, வெளியாள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒருமுறை வந்தவர் விளையாட்டுக்காரர். பலூன் ஊதச் சொன்னார், பழைய செய்தித்தாளில் கோபுரம் கட்டச் சொன்னார், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவிட்டார். எல்லோருக்கும் ஒரே குஷி. எங்கள் டிரைவர் அண்ணன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு விளையாட்டு முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டார், "ஒற்றுமை", "குழு உணர்வு" என்று பதில் வந்தது. குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு மலையிறங்கினோம். கிளம்பிப் போனபோது இருந்த பிரச்சினைகள் எல்லாம் திங்கட்கிழமை அப்படியே இருந்தன. விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும்போது பத்து நிமிஷம் எழுந்து ஆடினால் நல்லதுதான். இரண்டு நாளும் அதுவே என்றால் அதற்குப் பெயர் சுற்றுலா.

இன்னொரு முறை, நிதி கொடுத்த அமைப்பே ஒருவரை அனுப்பிவைத்தது. பெங்களூரிலிருந்து வந்தார். விஷயம் தெரிந்தவர், மரியாதையானவர், ஆனால் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருமுறை பேசினால் நேராகப் போய்ச் சேர்ந்தது. களப்பணியாளர் அக்கா ஒருவர் இரண்டு நிமிஷம் ஊர்க் கதையோடு சொன்னதை நான் இரண்டு வரியில் இங்கிலீஷாக்கினேன். வேறு வழியில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள். மதியத்துக்குள் அந்த அக்கா என் முகத்தைப் பார்த்து, சுருக்கிச் சுருக்கிப் பேசப் பழகிவிட்டார். அதன் பிறகு சட்டமாகவே வைத்துக்கொண்டோம்: கூட்டம் எந்த மொழியில் சண்டை போடுமோ அந்த மொழி தெரிந்தவர்தான் நெறியாளர். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

உண்மையில் இந்தத் தொழில் என்னவென்று எனக்குப் புரிந்தது கொரோனா ஓய்ந்த பிறகு நடந்த முகாமில்.

அதற்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றானது. நிர்வாகச் செலவுக்கான வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் வாங்கி வேலை செய்துகொண்டிருந்த எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்கு அது பெரிய அடி. இருப்பதை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டினோம். பிறகு இரண்டு வட்டார அலுவலகங்களை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தது. அதைப் பேசத்தான் முகாம்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மாவைப் பிடித்தேன். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பங்கேற்பு மதிப்பீடு செய்தவர். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் போன்றவர்கள் 1980-களின் இறுதியில் இந்தியக் கிராமங்களில் வளர்த்தெடுத்த முறை அது. அதிகாரி குறிப்பேட்டோடு நின்று கேள்வி கேட்பதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களே தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவார்கள், விதைகளை வைத்து எது முக்கியம் என்று கணக்குப் போடுவார்கள். குச்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் பால பாடம். அந்தப் பயிற்சி ஊறியவர்கள் கூட்டம் நடத்தினால் தனியாகத் தெரியும்.

முகாமுக்கு முன்பே அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். பணியாளர் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவராகப் போன் செய்தார். கணக்காளர், டிரைவர், அலுவலகம் கூட்டும் பாட்டி வரைக்கும். "இந்தக் கூட்டத்தில் எதைப் பேசாமல் விட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்?" என்பதுதான் எல்லோரிடமும் கேட்ட கேள்வியாம். யார் என்ன சொன்னார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. பேச்சுகளிலிருந்து வந்த விஷயங்களைப் பெயரில்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினார்.

அப்புறம் இயக்குநரைப் பார்க்க நேரில் வந்தார். நானும் அறையில் இருந்தேன்.

"சார், ரெண்டு ஆபீஸையும் மூடப் போறீங்களா, இல்ல மூடலாமான்னு யோசிக்கிறீங்களா?"

"மூடித்தான் ஆகணும் மேடம். ஆனா அவங்களே பேசி அந்த முடிவுக்கு வந்தா நல்லா இருக்கும்னு பாக்குறேன்."

"அப்ப அதுக்கு நான் வேண்டாம் சார்."

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் திக்கென்றது, இந்தக் கடைசி நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? அந்த அம்மா பதற்றமே இல்லாமல் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார். நீங்கள் முடிவு செய்துவிட்டது ஒன்று. அவர்களைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யப்போவது இரண்டு. அவர்கள் முடிவுக்கு விட்டுவிடுவது மூன்று. பேச இருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் இதில் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள் என்றார். சார் முதலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூன்றாவது கட்டத்தில் தாராளமாக எழுதினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு, "நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிரா அவங்க முடிவு பண்ணா ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டார். கேட்கக் கேட்க, ஒவ்வொன்றும் அடித்து எழுதப்பட்டு முதல் இரண்டு கட்டங்களுக்குக் குடிபோயின. கடைசியில் மூன்றாவதில் கொஞ்சம்தான் மிஞ்சியது. ஆனால் மிஞ்சியது நிஜம்.

நெறியாளருக்குப் பணம் கொடுப்பது நிர்வாகம்; அவர் வேலை செய்ய வேண்டியது கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும். இந்த இரண்டும் இடிக்கும் இடத்தில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை வைத்துத்தான் நான் இப்போது ஆளை எடைபோடுகிறேன். ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கையெழுத்து வாங்கித் தருகிறவர் நெறியாளர் இல்லை, தரகர். பணியாளர்கள் இதை முதல் அரை மணி நேரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதன் பிறகு கருத்து எழுத எத்தனை வண்ண அட்டை கொடுத்தாலும் வாய் திறக்காது.

முகாம் அன்று காலை சார் எழுந்து, இரண்டு அலுவலகங்களும் மூடப்படும், இது முடிவான விஷயம், காரணம் இது, வேலை யாருக்கும் போகாது, ஆனால் இடம் மாறும் என்று நேராகச் சொன்னார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மா உடனே "என்ன தோணுது?" என்று கேட்கவில்லை. "சார் சொன்னதுல என்னென்ன காதுல விழுந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்றார். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அதிலேயே இரண்டு தப்பான புரிதல் வெளியே வந்து சரியானது. பிறகுதான் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார், அப்புறம் இதனால் நம் வேலையில் என்னென்ன மாறும், கடைசியாக என்ன செய்யலாம். நடந்தது, மனதில் பட்டது, அதன் பொருள், முடிவு என்று இந்த வரிசையில் போகும் முறையைக் கலாச்சார விவகார நிறுவனம் என்ற உலக அமைப்பு பரப்பியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வரிசையைக் கலைத்து முதலிலேயே "என்ன செய்யலாம்?" என்று கேட்டால், வழக்கமாகப் பேசும் நாலு பேர்தான் பேசுவார்கள்.

இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னபோதுதான் அது நடந்தது. மூடப்போகும் அலுவலகத்தில் நெடுநாளாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கையைத் தூக்கினார். "ஆபீஸ மூடுறது சரி சார். குழுக்காரங்க பழைய சேமிப்பு நோட்டு, தீர்மான நோட்டு எல்லாம் அந்த பீரோலதான் இருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு. நாளைக்கு ஒரு கணக்குத் தகராறு வந்தா அவங்க எங்க போவாங்க?" அறையில் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. வாடகை, மின்சாரக் கட்டணம், சம்பளம் என்று எல்லாக் கணக்கும் போட்டிருந்தோம், பீரோவை யோசிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் மீதி முகாம் ஓடியது. நோட்டுகளை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளிடம் ஒப்படைப்பது, யார் முன்னிலையில், எந்தப் பட்டியலோடு, அதற்குள் எந்தக் கணக்கை எல்லாம் சரிபார்த்து முடிப்பது என்று களப்பணியாளர்களே போட்ட திட்டம் அது.

நடுவில் ஒரு கஷ்டமான கட்டம் வந்ததையும் சொல்ல வேண்டும். முதல் நாள் சாயங்காலம் சுவர் முழுக்க அட்டை. கணக்காளரும் வட்டார ஒருங்கிணைப்பாளர்களும் பயணப்படி வவுச்சர் விஷயத்தில் முட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா, காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்து இப்படி ஆயிடுச்சே" என்றார். அந்த அம்மாவிடம் சொன்னேன். "நல்லது, நேரத்துக்கு வந்துட்டோம்" என்றார்! கருத்துகள் விரிந்துகொண்டே போய், இன்னும் ஒன்றுகூடாமல் எல்லோரும் எரிச்சலில் இருக்கும் இந்த இடத்தை, கூட்டம் நடத்துவது பற்றி நிறைய யோசித்த சாம் கேனர் என்ற அமெரிக்கர் முனகல் கட்டம் என்கிறாராம். பெரும்பாலான தலைவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து, "சரி, நான் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார்கள். எங்கள் சாரும் எழுந்திருப்பார். முந்தின வாரமே அந்த அம்மா அவரிடம், "முதல் நாள் சாயங்காலம் உங்களுக்கு எழுந்து பேசணும்னு தோணும், அப்ப எழுந்து வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவைத்திருந்தது கைகொடுத்தது.

மறுநாள் வவுச்சர் சண்டைக்கு அந்த அம்மா தீர்ப்பு சொல்லவில்லை. எதிராளி சொன்னதை அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் பதிலைச் சொல்லலாம் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரு தரப்புக்கும் இது லேசாக இல்லை. முக்கால் மணி நேரத்தில் விஷயம் பெட்ரோல் ரசீது தேதியில் வந்து நின்றது.

எது முதலில் என்று வரிசைப்படுத்த வண்ணப் பொட்டு ஒட்டச் சொல்வது நிறைய பேர் செய்வது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது: சார் எங்கே ஒட்டுகிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் ஒட்டுவார்கள். அந்த அம்மா காகித டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து, அடியில் கீறல் போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுத்தார். எந்த டம்ளரில் எத்தனை விழுந்தது என்று கடைசியில் திறக்கும்வரை தெரியாது. சாருக்குக் கொட்டை கிடையாது. அதுபோல அட்டையில் எழுதும்போதும், வேகமாக எழுத வராதவர்கள் தாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லி எழுதவைக்கலாம் என்றார். யாரை எழுதவைப்பது என்று நாம் முடிவு செய்தால், சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாகிவிடும்.

இடம் பற்றிச் சுருக்கமாக: கத்தோலிக்கத் துறவு சபைகள் நடத்தும் தியான இல்லங்கள் போல மலிவாகவும் அமைதியாகவும் வேறு இடம் கிடைப்பதில்லை. கொடைக்கானல் போவதாக இருந்தால் சீசனில் வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் எடுக்க வேண்டியிருக்கிறது. மேடை உள்ள மண்டபம் வேண்டாம். நாற்காலியை நகர்த்த முடிய வேண்டும், சுவரில் டேப் ஒட்டவிட வேண்டும். நிதி கொடுப்பவர்களை முழு முகாமுக்கும் கூப்பிடாதீர்கள், கடைசி அரை நாள் போதும்.

பணம். கூட்டம் இரண்டு நாள் என்றால் நாங்கள் நான்கு நாளுக்குக் கொடுக்கிறோம்: முன்னால் பேசிப் பார்க்க ஒரு நாள், பின்னால் எழுதிக் கொடுக்க ஒரு நாள். முன்தயாரிப்புக்குப் பணம் கேட்காதவர் முன்தயாரிப்பு செய்யமாட்டார் என்பது என் அனுபவம். ஆண்டுக்கு ஒருவருக்குக் கொடுக்கும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் கையில் குறைவாக வந்தது என்று மனஸ்தாபம் வேண்டாம்.

நெறியாளரால் ஆகாத வேலைகளும் உண்டு. வழக்கமான மாத ஆய்வுக்கு அவர் தேவையில்லை. ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதை அவர் தலையில் கட்டக் கூடாது. பாலியல் தொல்லைப் புகார் என்றால் அது 2013 சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டியது; வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்க்கும் விஷயமே இல்லை. இன்னொரு எச்சரிக்கை: ஆட்களின் சின்ன வயது வேதனைகளைக் கிளறி அழவைத்தால்தான் பயிற்சி வெற்றி என்று நினைக்கும் சிலர் இருக்கிறார்கள். கூடவே வேலை செய்பவர்கள் முன்னால் அழுதுவிட்டு மறுநாள் அதே ஆளிடம் லீவு லெட்டர் நீட்டுவது எவ்வளவு சங்கடம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அப்படி ஏதாவது செய்வீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

போனில் நான் கேட்கும் மற்ற கேள்விகள்: வருவதற்கு முன் யார் யாரிடம் பேசுவீர்கள்? எங்கள் இயக்குநர் நடுவில் எழுந்து நீளமாகப் பேச ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? எந்தக் கூட்டத்தையாவது நடத்த முடியாது என்று மறுத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் வருகிறவர்களிடம் மேற்கொண்டு பேசுகிறேன். நிகழ்ச்சி நிரலை முதல் போனிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறவர்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிடுகிறேன்.

முகாம் முடிந்ததும் சார்ட்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அலமாரி மேல் வைப்பது நம் தேசிய வழக்கம். அங்கேயே போனில் படம் பிடித்து, கிளம்புவதற்குள் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். நெறியாளரின் நீண்ட அறிக்கை பிறகு வரட்டும். அதை யாரும் படிக்கப்போவதில்லை, நன்கொடையாளருக்கு இணைக்க உதவும்.

இப்போது அந்த அம்மா ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறார். மாதக் கூட்டத்தைப் பணியாளர்களே முறை வைத்து நடத்துகிறார்கள், சார் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காருகிறார். பாதி நாள் அதிலிருந்து எழுந்தும் விடுகிறார். கணக்காளர் நடத்தும் மாதம் மட்டும் கூட்டம் சரியாக ஒரு மணிக்கு முடிகிறது.